நாய், பூனைக்கு நல்ல டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்கு வந்ததும் பெயர் வைக்கிறோம், கூடு வாங்குகிறோம், என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று நாலு பேரிடம் கேட்கிறோம். டாக்டரைத் தேடுவது மட்டும் அது வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பிறகுதான். அந்த நேரத்தில் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. கிடைத்தவரிடம் ஓடத்தான் முடியும். நாகர்கோவிலில் வீடு என்றால் ஓடுவதற்காவது இடம் இருக்கும். பேச்சிப்பாறையிலோ நீரோடியிலோ இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேடுகிறவர்களின் பாடு பெரும் பாடு.

அதனால் விலங்கு துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரை முடிவு செய்துவிடுங்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஐந்து படிகளுக்கு விலங்கை வெளியே எடுக்கவே வேண்டாம். ஆறாவதுக்குத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களில் பலர் நேராக ஆறாவது படியில் தொடங்கி, ஊசி போட்டுவிட்டு வந்து, அப்புறம் விசாரிக்கிறார்கள்.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். விலங்கின் வயது, இனம், எடை, எங்கே வாங்கியது, இதுவரை போட்ட ஊசி, கொடுத்த பூச்சி மருந்து, தினமும் என்ன சாப்பிடுகிறது, வெளியே திரிகிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதைப் போனில் படம் பிடித்து வையுங்கள். அவசரத்தில் அட்டை கிடைக்காது, போன் கையில் இருக்கும்.

எடை அவசியம், ஏனென்றால் மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வீட்டு எடை மெஷினில் நீங்கள் மட்டும் ஒரு முறை ஏறுங்கள். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். முதல் எடையை இரண்டாவதிலிருந்து கழித்தால் நாயின் எடை வந்துவிடும்.

இன்னும் சில பொருட்கள் வேண்டும். விலங்குக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். பூனைக்கு மூடி போட்ட கூடை. நாய்க்குக் கழுத்துப்பட்டை, கயிறு, கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் மஸில். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். மஸிலை இப்போதே வாங்கி, ஏதாவது தின்னக் கொடுத்துக்கொண்டே மாட்டிப் பழக்குங்கள். பூனையைத் துணிப்பையில் போட்டு பைக்கில் கொண்டுபோகவே வேண்டாம். நடுரோட்டில் குதித்து ஓடிய பூனை திரும்பக் கிடைப்பது அரிது.

2. ஒரு டாக்டர் போதாது, மூன்று இடம் வேண்டும்

பெரும்பாலோர் 'ஒரு நல்ல டாக்டர்' என்று ஒரே ஆளைத் தேடுகிறார்கள். நம் மாவட்டத்தில் அது சரிவராது. தடுப்பூசி, எக்ஸ்ரே, ஸ்கேன், ராத்திரி அவசரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது கஷ்டம். ஆகவே தேடும்போதே மூன்று இடங்களாகப் பிரித்துத் தேடுங்கள்.

முதல் இடம், அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டாக்டர். இவர்தான் உங்கள் வழக்கமான டாக்டர். தடுப்பூசி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் இவரிடம்தான் போவீர்கள். உங்கள் விலங்கை நாலைந்து முறை பார்த்துப் பழகியவருக்கு, அது கொஞ்சம் சோர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் செய்யும் இடம். இதற்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில் முதலில் விசாரியுங்கள். அதற்கும் மேலே போக வேண்டிய கேஸ் என்றால் எந்தத் திசையில் போவது என்பதை உங்கள் ஊர்தான் தீர்மானிக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளை, பூதப்பாண்டிக்காரர்களுக்குத் திருநெல்வேலி வசதி. அங்கே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேராசிரியர்கள் பார்க்கும் சிகிச்சைப் பிரிவும் உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு, அருமனைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். இரண்டு இடத்துக்கும் வெளிநோயாளி நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாவது, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறக்கும் இடம். இதைப் பற்றிப் பத்தாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

அரசு கால்நடை மருந்தகங்களை 'அங்கே இருப்பது மாட்டு டாக்டர்தானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே இருப்பவரும் தனியார் கிளினிக்கில் இருப்பவரும் படித்தது ஒரே படிப்பு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். ஆடு மாட்டோடு நாய் பூனையும் அந்தப் பாடத்தில் உண்டு. வெறிநோய்த் தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் சின்னச் சின்னக் காயங்களுக்கும் மருந்தகம் போதுமானது. ஆனால் டாக்டர் முகாமுக்கும் கிராமங்களுக்கும் போய்விடுவார் என்பதால் காலையிலேயே போவது நல்லது. எக்ஸ்ரே, ஸ்கேனை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது. வீட்டு நாய்க்கு அதையே நம்பியிருக்காதீர்கள்.

3. பெயர்களைச் சேகரியுங்கள், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

'அந்த டாக்டர் நல்லவரா?' என்று கேட்டால், 'ரொம்ப நல்லவர், அன்பாப் பேசுவார்' என்ற பதில்தான் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'எந்த நோய்க்குப் போனீங்க? என்ன பரிசோதனை பண்ணினார்? திரும்ப எப்ப வரச் சொன்னார்? சரியாகாதப்ப என்ன சொன்னார்?' கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிக முக்கியமானது. சாதாரண வயிற்றுப்போக்கை யாரும் சரிசெய்துவிடலாம். தன் கையில் நிற்காத கேஸை நேரத்தோடு வேறு இடத்துக்கு அனுப்புகிறாரா என்பதில்தான் டாக்டரின் தரம் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வயது நாய் வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களையும் கேளுங்கள். அடிபட்டது, வெறிகொண்டது, குட்டி போட முடியாமல் தவித்தது என்று எல்லா வகையையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். எந்த டாக்டர் ராத்திரி போன் எடுப்பார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

குட்டியை விற்றவர் சொல்லும் டாக்டரைப் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் அவர் ஒருவரோடு நின்றுவிட வேண்டாம். குட்டிக்கு நோய் இருந்தது தெரிந்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் பரிசோதனையையாவது விற்பனையோடு தொடர்பில்லாத டாக்டரிடம் செய்யுங்கள்.

4. போனில் பேசுங்கள்

மூன்று நான்கு பெயர்கள் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கூப்பிட்டால் நிதானமாகப் பதில் கிடைக்கும். அதிகம் பேச வேண்டாம், இவ்வளவு போதும்:

'டாக்டர், வணக்கம். எங்க வீட்ல ஒரு பூனை இருக்கு. நீங்க பூனை பாப்பீங்களா? பார்க்கிற நேரம் என்ன? ரத்தம் எடுத்தா அங்கேயே பாப்பீங்களா, வெளி லேப்புக்கு அனுப்புவீங்களா? ராத்திரி ஏதாவதுன்னா உங்களைக் கூப்பிடலாமா, இல்லன்னா வேற யார்கிட்ட போகச் சொல்வீங்க?'

பூனை வைத்திருப்பவர்கள் முதல் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நாய் பார்க்கும் எல்லாரும் பூனையை விருப்பத்தோடு பார்ப்பதில்லை. பூனைக்கு மருந்தும் வேறு, கையாளும் விதமும் வேறு. கிளி, முயல் வைத்திருப்பவர்களுக்கு டாக்டர் கிடைப்பது இன்னும் சிரமம், ஆகவே அவர்கள் இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

'ராத்திரி பார்க்க மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அது குறையாகாது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், வேறு யாரிடம் போகலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'எல்லாம் பாத்துக்கலாம், கூட்டிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லி எந்தக் கேள்விக்கும் நேர்ப் பதில் தராதவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

5. படிப்பையும் பதிவையும் பாருங்கள், கிளினிக்கையும் பாருங்கள்

இந்தப் படியில் விலங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். கையில் விலங்கு இருந்தால் உங்கள் கண் அதன் மேலேயே இருக்கும், வேறு எதையும் கவனிக்க மாட்டீர்கள்.

போர்டில் பி.வி.எஸ்சி. மற்றும் ஏ.எச். என்ற பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பும் இருந்தால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். மருத்துவம், அறுவை சிகிச்சை, இனப்பெருக்கம் எனப் பல பிரிவுகள் உண்டு. எலும்பு முறிவுக்குப் போகும்போது அறுவை சிகிச்சை படித்தவர் என்றால் உங்களுக்கு நல்லது. கோழித் தீவனத்தில் மேற்படிப்பு முடித்தவர் என்றால் அந்தக் கூடுதல் பட்டத்தால் உங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-ன்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் நோயறிந்து சிகிச்சை செய்யலாம். நம் மாநிலத்தில் அந்தப் பதிவைச் செய்வது தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கவுன்சில். பதிவு எண் சீட்டிலோ போர்டிலோ இருக்கும். இல்லாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர், கடையில் நின்று பழகியவர் என்று பலரை ஊரில் 'டாக்டர்' என்றே கூப்பிடுகிறோம். டாக்டரின் மேற்பார்வையில் சில்லறை வேலைகளை உதவியாளர்கள் செய்யலாம். ஆனால் என்ன நோய் என்று தீர்மானிக்கும் வேலை அவர்களுடையது இல்லை.

கிளினிக்கில் பளபளப்பு வேண்டாம், சுத்தம் வேண்டும். மேஜையை ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் துடைக்கிறார்களா? புது ஊசி பிரிக்கிறார்களா? எடை மெஷின் இருக்கிறதா? தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள்? தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையோர ஊர்களில் கரண்ட் மணிக்கணக்கில் போகும், அதனால் இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வெப்பம் பட்டுக் கெட்டுப்போன தடுப்பூசி பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும். போட்டோம் என்ற நிம்மதி கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது.

6. நோய் இல்லாத நாளில் முதல் முறை கூட்டிக்கொண்டு போங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. காசு கொடுத்து ஒரு சும்மா செக்கப் செய்யுங்கள். 'ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு டாக்டர்?' என்று வீட்டில் கேட்பார்கள். இரண்டு பயன் உண்டு. டாக்டருக்கு உங்கள் விலங்கின் இயல்பான நிலை தெரியும். உங்களுக்கு டாக்டர் வேலை செய்யும் விதம் தெரியும்.

குட்டிக்குத் தடுப்பூசி முழுதாக முடியவில்லை என்றால் கிளினிக் தரையில் இறக்கிவிடாதீர்கள். கையிலோ கூடையிலோ வைத்திருங்கள், முடிந்தால் முறை வரும்வரை வெளியே ஆட்டோவிலேயே இருங்கள். ரத்தக் கழிச்சலையும் வாந்தியையும் உண்டாக்கிக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வழக்கமான பினாயிலுக்கு அடங்காது. தடுப்பூசி போடப்போன இடத்திலிருந்தே நோயை வாங்கி வந்த குட்டிகள் உண்டு.

உள்ளே போனதும் டாக்டரின் கையைக் கவனியுங்கள். முறையான பரிசோதனை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் கேள்வி: என்ன சாப்பிடுகிறது, மலம் எப்படி, உண்ணி உண்டா, வேறு விலங்கு வீட்டில் இருக்கிறதா. பிறகு எடை. பிறகு வெப்பநிலை, நாய்க்கு ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு, நம் உடம்பை விடக் கொஞ்சம் கூடுதல். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பார். ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு, மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலை. காது, பல், கண், கழுத்திலும் தொடையிலும் உள்ள நெறிகள், வயிறு, தோல் என்று தடவிக்கொண்டே வருவார். ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தையும் நுரையீரலையும் கேட்பார்.

எல்லாரும் இதே வரிசையில் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் விலங்கைத் தொடாமல், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஊசியை நிரப்பினால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமாக இருந்த நாளாக இருக்கலாம், அதனால் இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

பிறகு இந்த நாலு கேள்வி: 'என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க? வேற என்னவா இருக்க வாய்ப்பு இருக்கு? இந்த ஊசி என்ன மருந்து? எத்தனை நாள்ல சரியாகலைன்னா திரும்ப வரணும்?' சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லும் டாக்டரை நம்புங்கள். விலங்கால் பேச முடியாது. பல நேரம் பரிசோதனை முடிவு வரும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. அரிப்போடு வந்த நாய்க்கு ஒரு ஊசி போட்டதும் மறுநாளே அரிப்பு நின்றால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அது ஸ்டீராய்டாக இருக்கலாம். சில நோய்களுக்கு ஸ்டீராய்டு தேவைதான். ஆனால் சொறிப் பூச்சியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்று தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் மாதாமாதம் அதையே போட்டுக்கொண்டிருந்தால், நோய் உள்ளேயே இருக்கும், உடம்பு கெடும். 'ஒரே ஊசியில சரியாக்கிடுவார்' என்று பேர் வாங்கிய டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சீட்டில் விலங்கின் பெயர், எடை, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பது படிக்கும்படி இருக்க வேண்டும். கிளினிக்கிலேயே மருந்து கொடுத்தாலும் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் இல்லாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போனால் அவருக்கு ஒன்றும் புரியாது.

7. தடுப்பூசி அட்டையை வைத்தும் டாக்டரை அறியலாம்

நாய்க்குட்டிக்குப் பல நோய்களைச் சேர்த்துத் தடுக்கும் ஊசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 'ஒரு ஊசி போதும்' என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். வெறிநோய் ஊசி 3 மாத வயதில், பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில்.

ஊசி போட்டதும் அந்தக் குப்பியின் லேபிளை அட்டையில் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். லேபிளில் தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். வெறும் டிக் அடித்துத் தரும் அட்டையால் பயனில்லை. ஊசிக்கு முன் வெப்பநிலை பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். காய்ச்சலோடு இருக்கும் விலங்குக்கு ஊசியைத் தள்ளிப்போடுவதே வழக்கம். போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்ற ஒவ்வாமை உடனே வந்தால் டாக்டர் பக்கத்தில் இருப்பார்.

8. நம் ஊர் நோய்களைப் பற்றிக் கேளுங்கள்

எல்லா ஊருக்கும் பொதுவான டாக்டராக இருந்தால் மட்டும் போதாது, நம் ஊரின் தன்மை தெரிந்தவராக இருக்க வேண்டும்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வயல், குளம், ஓடை, எலி எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் என்று நாய் வந்தால் அந்த டாக்டர் எலிக்காய்ச்சலை நினைக்கிறாரா, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்கிறாரா, சிறுநீரைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறாரா என்று பாருங்கள். இதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். உங்கள் நாய்க்குப் போடும் ஊசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் அடுத்தது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் ரத்த அணுக்களைத் தாக்கும். சாப்பாடு குறையும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஆகவே ரத்தம் எடுத்துப் பார்க்காமல் ஊகத்தில் மருந்து மாற்றிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும். ரப்பர் தோட்டத்திலும் விளையிலும் திரியும் நாய்க்கு உண்ணி மருந்தை எப்படித் தொடர்ந்து போடுவது என்று டாக்டர் தானாகவே சொல்ல வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

குளச்சல், முட்டம், கடியபட்டணம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் தூண்டில் முள்ளைப் பற்றிக் கேளுங்கள். மீனோடு சேர்த்து முள்ளை விழுங்கிய நாய்க்கு, முள்ளில் கட்டிய தூண்டில் கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது, உள்ளே கிழிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்து முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனைத் தின்றாலும் ஆபத்து. அதன் விஷம் கைகாலைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்திவிடும்.

குலசேகரம், திருவட்டார், கீரிப்பாறை பக்கத்துக்காரர்களுக்குப் பாம்புக்கடி. விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடித்த பிறகு கயிறு கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். அதிகம் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

9. செலவையும் ஆபரேஷனையும் முன்னாலேயே பேசுங்கள்

காசைப் பற்றிக் கேட்பது அன்பில்லாத வேலை என்று நினைக்க வேண்டாம். 'இந்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? இதுல இன்னைக்கே எடுக்க வேண்டியது எது, காத்திருக்கலாம்கிறது எது?' என்று கேளுங்கள். உங்கள் வசதி தெரிந்தால் டாக்டரால் அதற்குள் சிறந்த வழியைச் சொல்ல முடியும். சொல்லாமல் வீட்டுக்கு வந்து பாதி மருந்தை வாங்காமல் விடுவதுதான் விலங்குக்குக் கெடுதல்.

கருத்தடை ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை: முன்னதாக ரத்தம் பார்ப்பீர்களா, மயக்க மருந்து எடை பார்த்துக் கொடுப்பீர்களா, மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டா, வலி மருந்து தருவீர்களா, முழுதாகக் கண் விழிக்கும்வரை அங்கேயே வைத்திருப்பீர்களா. மலிவாக இருக்கிறது என்று மட்டும் ஆபரேஷன் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஐந்து கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

10. ராத்திரிக்கான ஏற்பாடு

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். வழக்கமான டாக்டர், பரிசோதனை வசதியுள்ள இடம், ராத்திரி பார்க்கும் இடம், விலங்கை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு ஆட்டோக்காரர் என்று நாலு எண் எழுதுங்கள். கடைசி எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்தம் ஒழுகும் நாயை நடுராத்திரியில் ஏற்றிக்கொள்ள எல்லாரும் முன்வர மாட்டார்கள்.

காலைவரை காத்திருக்கக் கூடாதவை இவை. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்தும் வராமல் இருப்பது. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய, அடைப்பு நீடித்தால் பூனை செத்துவிடும். பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிப்பது. குட்டி போடும் நாய் அரை மணி நேரம் நன்றாக முக்கியும் குட்டி வராதது. வலிப்பு நிற்காமல் தொடர்வது. வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனை. விஷம், பாம்புக்கடி, வண்டி மோதியது. கருத்தடை செய்யாத பெண் நாய் சூட்டுக்கு வந்து சில வாரம் கழித்துச் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். டாக்டர் இல்லாத கிளினிக்குக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்வதைப் போல வீண் வேறில்லை.

அதற்கிடையில் மெடிக்கல் ஷாப் மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டா 'காய்ச்சல் மாத்திரை பாதி குடு மக்கா' என்று அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் பாராசிட்டமால் ஒரு துண்டு போதும், பூனையைக் கொல்ல. நமக்கு மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

விலங்கு உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அன்றே போங்கள். உங்களுக்கு ஊசி தேவையா என்பதை மனித டாக்டர் சொல்ல வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

11. எப்போது டாக்டரை மாற்றுவது

இரண்டு நாள் மருந்தில் குணமாகவில்லை என்பதற்காக மூன்றாம் நாள் வேறு டாக்டர், ஐந்தாம் நாள் இன்னொருவர் என்று ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள், மருந்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, நோய் எதுவென்றே தெரியாமல் போகிறது. டாக்டர் சொன்ன நாளில் அவரிடமே முதலில் திரும்பிப் போங்கள். குணமாகவில்லை என்பதும் அவருக்கு ஒரு தகவல், அதை வைத்துத்தான் அடுத்த பரிசோதனையை முடிவு செய்வார். நிலைமை மோசமானால் மட்டும் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

திரும்பப் போயும் அதே ஊசி, அதே மருந்து, பரிசோதனை இல்லை, விளக்கம் இல்லை என்றால் மாற்றலாம். போட்ட மருந்தின் பெயரைச் சொல்ல மறுத்தாலும், விலங்கை அடித்தாலும், உங்கள் கேள்விக்கு எரிந்து விழுந்தாலும் மாற்றலாம். நேராக, 'டாக்டர், ராமையன்பட்டியில ஒரு தடவை காட்டலாம்னு நினைக்கிறோம், இதுவரை கொடுத்த மருந்தை எழுதித் தர முடியுமா?' என்று கேளுங்கள். பல டாக்டர்கள் தாங்களே கடிதம் எழுதிக் கொடுத்து, அங்கே யாரைப் பார்ப்பது என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

போகும்போது நோட்டு, சீட்டுகள், ரத்த ரிப்போர்ட், எக்ஸ்ரே பிலிம், மிச்சமிருக்கும் மருந்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு, இருமல், நொண்டுவது போன்றவை டாக்டர் முன்னால் வராமல் போகலாம், ஆகவே வீட்டில் வரும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். திருவனந்தபுரத்தில் காட்டினால் சீட்டில் உள்ள மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், அதே பிராண்டு இங்கே கிடைக்காமல் அலைய நேரலாம். திரும்பி வந்ததும் அந்தச் சீட்டின் நகலை உங்கள் வழக்கமான டாக்டரிடம் கொடுங்கள். தையல் பிரிப்பதும் மீதி ஊசியைப் போடுவதும் அவர்தான்.